ஓடக்காரன் வாயில் நான் வைத்த வார்த்தை

ரஃபி சொல்லாத ஒரு வார்த்தையை அவன் சொன்னதாகக் கோவிந்தன் முப்பது வருடம் நம்பியிருந்தான். அந்த வார்த்தை என்னுடையது. தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

போன மாதம் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் எதிர் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண், நோட்டின் மேல் இருபது முகப் பகடை ஒன்றை உருட்டினாள். வண்டி குலுங்கியதில் அது என் செருப்பருகே விழுந்தது. எடுத்துக் கொடுத்தபோது, "தாத்தா, இது இன்னான்னு தெரியுமா?" என்றாள். தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் வேலை பார்த்த ஆலை பயிற்சிக்காக என்னை வெளிநாடு அனுப்பியபோது மற்றவர்கள் சென்ட் பாட்டில் வாங்கினார்கள்; நான் இந்தப் பகடையை வைத்து ஆடும் ஓர் ஆட்டத்தின் விதிப்புத்தகத்தையும் பகடைகளையும் வாங்கி வந்தேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதையாட்டம். கதை நடத்துகிறவன் நான். சத்திரக்காரி, வரி வசூலிப்பவன், ஓடக்காரன் என்று கதையிலுள்ள மற்ற எல்லோருக்காகவும் நானே பேச வேண்டும். என் கொள்ளைக்காரர்கள் எல்லோரும் எங்கள் மேனேஜர் மாதிரியே பேசினார்கள் என்பது வேறு விஷயம். கதை ஆட்களுக்குள் பகை இல்லையென்றால் ஆடுகிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். அதனால் ஒரு வழி வைத்திருந்தேன்: இரண்டு பேர், இருவரும் சேர்ந்து ஆசைப்படும் ஒரு பொருள், ஒருவன் மறைக்கும் ஒரு ரகசியம்.

பராமரிப்புப் பிரிவுக்குப் பின்னால் இருந்த அறையில் ஞாயிறு காலைகளில் ஆடுவோம். இன்றும் இரும்பு கடையும் லேத் பட்டறைப் பக்கம் கூலன்ட் எண்ணெய் வாசம் அடித்தால் எனக்குக் கோட்டையும் அகழியும்தான் நினைவுக்கு வருகின்றன. லேத்தில் டர்னராக இருந்த கோவிந்தன் பொன்னேரிப் பக்கம் நெல் வயல் வைத்திருந்த குடும்பம். ஆலை ஸ்டோரில் இருந்த ரஃபி பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். அவன் கொண்டுவரும் இறால் வறுவலுக்காகவே இன்னும் இரண்டு பேர் ஆட வந்தார்கள். கோவிந்தனும் ரஃபியும் வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்து லேத் பட்டறை வைப்பதாக இருந்தார்கள். சாலையோர நிலத்தைத் தரச்சொல்லிக் கோவிந்தன் அப்பாவிடம் மன்றாடிச் சம்மதம் வாங்கியிருந்தான்.

அப்போதுதான் ரஃபி என்னிடம் தனியாக வந்தான். "சார், துபாய்ல வேல கெடச்சிருக்கு. கோவிந்தன் மூஞ்சப் பாத்தா சொல்ல வர்ல. நானே சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அந்த வாரம் எனக்குக் கதை ஓடவில்லை. சேர்ந்து படகு கட்டும் இரண்டு ஓடக்காரர்களை உண்டாக்கினேன். ஒருவன் ரகசியமாக அயல்நாட்டுக் கப்பலில் வேலைக்குப் பதிந்துவிட்டவன். ஆட்டத்தில் அது வெளிப்பட்டதும், கூட்டாளியிடம் ஏன் சொல்லவில்லை என்று கோவிந்தனின் பாத்திரம் அவனைக் கேட்டது. எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. "அவன் கைபட்டது எது உருப்பட்டிருக்கிறது? அவனை நம்பினால் நானும் முழுகுவேன்" என்றேன், ஓடக்காரனாக.

முந்தின வாரம்தான் கோவிந்தன் ஒரு ஷாஃப்ட் தண்டைக் கடைசலில் கெடுத்துத் திட்டு வாங்கியிருந்தான். ரஃபிக்கு முகம் வெளுத்தது. கோவிந்தன் என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தான்.

"இன்னா பாய், நீயும் கெளம்பறியா?"

"சொல்லலாம்னுதான் நைனா..."

"போறது தப்பில்லயா. என் கை உருப்படாதுன்னு சார்கிட்ட சொல்லிக்கினு இருந்திருக்க பாரு."

"நான் அப்டி சொல்லவே இல்ல!" ரஃபி என் பக்கம் திரும்பினான்.

"ஆட்டம்தானப்பா, பகடைய உருட்டுங்க" என்று சிரித்தேன். உண்மையைச் சொன்னால் ரகசியத்தை உடைத்தது நான் என்று ஆகும். அதைவிடக் கேவலம், அந்த வசனம் எனக்கே பிடித்திருந்தது.

ரஃபி போனான். பட்டறை வரவில்லை. கோவிந்தன் அதே ஆலையில் டர்னராகவே ஓய்வுபெற்றான். ரஃபி ஊர் திரும்பி வருடக்கணக்காகியும் இருவரும் பேசவில்லை.

ரயிலில் அந்தப் பகடையைப் பார்த்த மறுவாரம் கோவிந்தன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"மொத்தமும் நீங்க சொன்னதா?"

"மொத்தமும். ரஃபி உன்னைப் பத்தி ஒரு சொல்லுகூட தப்பாச் சொல்லல."

நான் எழுதிக் கொண்டுபோயிருந்த ரஃபியின் போன் எண்ணை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான். "பாய், நான்தான்யா... நீ சொல்லலியாமே!" என்பது மட்டும் கேட்டது. பிறகு கோவிந்தனின் சிரிப்பு. திரும்பி வந்து, "அவன் இங்க வர்றான். நீங்க கெளம்புங்க சார், இருந்தீங்கன்னா எதுனா சொல்லிடுவேன்" என்றான். தெருவில் நடக்கும்போது பல வருடம் கழித்து நன்றாக மூச்சு விட்டேன்.

அந்த அறையும் ஆலையும் இப்போது இல்லை. சாலையோர நிலம் கைமாறி, கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடமாகிவிட்டது. கோவிந்தனைச் சந்தித்த பிறகு ரஃபி என்னோடு ஒரே ஒரு முறை பேசினான். "உங்க மேல கோவம் இன்னும் போவல சார். ஆனா நேத்து நாங்க ரெண்டு பேரும் அந்த எடத்துக்குப் போனோம். லேத்த எந்தப் பக்கம் வெச்சிருக்கணும்னு ஒரு மணி நேரம் சண்ட. லாரிக்காரங்க வண்டிய எடுக்க வழி விடச்சொல்லிக் கத்துறாங்க, இவன் நவுரவே மாட்டேன்றான்."