நடுவிலேயே நின்ற ஆயில் பிரஷர் முள்

என் மனைவியின் தம்பியை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் கண்ணாடிகளை அளவுக்கு அறுத்து, பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கட்டடங்களில் பொருத்துவது அவன் தொழில். பதினொரு வருடத்தில் அவன் வண்டியில் ஒரு கண்ணாடி உடைந்ததில்லை. வீட்டில் மட்டும் மாதத்துக்கு இரண்டு டம்ளர் உடைப்பான். வேகத்தடையைக் கண்டால் வண்டியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவான். பின்னால் வருகிறவர்கள் அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார்கள். அந்த வம்சத்தில் என் மனைவியும் அடக்கம் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

நான் மெக்கானிக். அவன் வண்டியில் என் கண்ணை உறுத்தியது ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றுதான். அதன் முள் காலையில் நடுவில் நிற்கும், மத்தியானம் நடுவில் நிற்கும், மேட்டில் ஏறும்போதும் நடுவில் நிற்கும். அதைப் பார்த்துப் பூரித்துப்போய்த்தான் அவன் தினமும் கிளம்புவான்.

"பாருங்க மாமா, பதினோரு வருஷமா அசையல. உங்க கை படாததாலதான் இப்படி இருக்குன்னு நினைக்கிறேன்."

இதைப் பட்டறையில், இரண்டு வாடிக்கையாளர்களுக்கு முன்னால் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

விஷயம் இதுதான். கம்பெனியிலிருந்தே வந்த அந்த மீட்டர் அளவு காட்டும் மீட்டரே இல்லை. எஞ்சினில் இருப்பது வெறும் சுவிட்ச். கொஞ்சம் பிரஷர் வந்தால் போதும், சுவிட்ச் வேலை செய்யும். மீட்டருக்குப் பின்னால் இருக்கிற மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஒரு சின்ன ரெசிஸ்டர் முள்ளைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்திவிடும். பிரஷர் அடியோடு போனால்தான் முள் விழும். அதற்குள் எஞ்சினின் கதை முடிந்திருக்கும்.

"மாப்ள, அது பொம்மை மீட்டர்டா. நான் நிஜ சென்சார் போட்டுத் தரேன், அப்புறம் பேசு."

"போடுங்க. அப்பவும் நடுவுலதான் நிக்கும்."

அந்தச் சனிக்கிழமையே போட்டேன். சுவிட்சைக் கழற்றிவிட்டு சென்சாரை மாட்டி, ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஒயரை இணைத்தேன். இனி முள் ஆடும் என்று மூன்று தடவை சொன்னேன். எஞ்சின் குளிர்ந்திருந்தால் மேலே நிற்கும், சூடானபின் வண்டி நிற்கும்போது இறங்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஏறும், அதுதான் ஆரோக்கியம் என்றேன். தலையாட்டினான். அவன் தலையாட்டினால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். அக்காவிடம் வளர்ந்ததில் வந்த பழக்கம்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"மாமா, முள் விழுந்துடுச்சு."

"எங்க நிக்கற?"

"சிக்னல்ல."

"பச்சை விழுந்ததும் மிதி, ஏறும்."

"ஏறுச்சு. ஆனா அடுத்த சிக்னல்ல மறுபடி விழுமே?"

அன்றைக்கு மட்டும் ஏழு போன். மறுநாள் முதல் சிக்னலே இல்லாத சந்துகளாகப் பார்த்துச் சுற்றிப் போனான். அதன்பின் நின்ற இடத்திலெல்லாம் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது கண்ணாடி கேட்டு வந்தார்கள், வண்டி சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. பட்டறையில் இருக்கும் பெரிய மீட்டரை எஞ்சினிலேயே மாட்டிக் காட்டினேன். வண்டி நிற்க எஞ்சின் ஓடும்போது பிரஷர் பதினெட்டு, மிதித்தால் நாற்பத்தைந்து. அந்த எஞ்சினுக்கு அது தாராளம்.

அவன் அந்த எண்களை வெகுநேரம் பார்த்தான். "நம்பர் நல்லாருக்குன்னா முள் ஏன் மாமா விழுது?" என்றான்.

இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் என் மனைவி தட்டை நங்கென்று வைத்தாள்.

"வண்டிய விக்கப் போறானாம். திங்கக்கிழமை ஆள் வருதாம்."

"நல்ல எஞ்சின்டி அது."

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அவன் பாட்டுக்கு சந்தோஷமாத்தானே ஓட்டிட்டு இருந்தான்?"

"அந்த சந்தோஷமே பொய்."

"பொய்யா இருந்துட்டுப் போகட்டுங்க. வண்டி இல்லாம அவன் என்ன பண்ணுவான்? இன்னொருத்தர் வண்டியில கண்ணாடி ஏத்துவானா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தட்டைத் தள்ளி வைத்தேன். அவனுக்கு நல்லது செய்யவா சென்சார் போட்டேன்? இரண்டு பேர் முன்னால் பேசிவிட்டானே என்ற வீம்பில் போட்டேன். என் வீம்புக்கு அவன் பிழைப்பு போகிறதே என்று நினைக்க எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, விற்பதற்குமுன் கழுவித் துடைக்க வண்டியைப் பட்டறையில் விட்டுப் போனான். பழைய சுவிட்சையும் ரெசிஸ்டரையும் தேடியெடுத்துத் திரும்ப மாட்டினேன். இத்தனை வருடத் தொழிலில் நான் செய்த முதல் ஏமாற்று வேலை அது.

"சென்சார்லதான் கோளாறு மாப்ள. மாத்திட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

வண்டியைக் கிளப்பினான். முள் நடுவில் வந்து நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தான். "சரி மாமா" என்றான். திங்கட்கிழமை வந்த ஆள் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

அதோடு என் நிம்மதி போயிற்று. நாளைக்கே ஆயில் ஒழுகினால்? பம்ப் தேய்ந்தால்? அந்த முள் சிரித்துக்கொண்டே நடுவில் நிற்குமே. ஆகவே செவ்வாய்க்கிழமை முதல் காலை ஆறரைக்கு எழுந்து, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவன் வீட்டு வாசலுக்கு நடந்தேன். பானட்டைத் தூக்கி, ஆயில் அளவு காட்டும் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பேன். குனிந்து, அடியில் சொட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். யாராவது கேட்டால் வாக்கிங் என்பேன். வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியைப் பட்டறைக்கு வரவழைத்து, அவன் டீ குடிக்கப் போகிற நேரத்தில் பெரிய மீட்டரை மாட்டிப் பார்த்துவிடுவேன்.

"டாக்டர் நடக்கச் சொல்லி நாலு வருஷமாச்சு. இப்பதான் காதுல விழுந்துச்சா?" என்றாள் மனைவி.

மூன்றாவது மாதம் ஒரு நாள் போனபோது பானட் ஏற்கெனவே திறந்திருந்தது. எஞ்சின் ஓரத்தில் ஒரு சுத்தமான துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடி படியில் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, பானட் திறந்து கிடக்கு?"

"நீங்க வர்ற நேரமாச்சே."

வாக்கிங் வந்தேன் என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு வாரம் ஆடின முள் ஒரே நாள்ல அசையாம நிக்குமா மாமா? என்னை அவ்வளவு மக்குன்னா நினைச்சீங்க?"

"தெரிஞ்சுமா அந்த ஆளைத் திருப்பி அனுப்பின?"

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது. வராத பொய்யைக் கஷ்டப்பட்டுச் சொல்றீங்கன்னா வண்டியை அப்படியே விட்டுட மாட்டீங்கன்னு நினைச்சேன். மறுநாள் காலையில வந்து ஸ்டிக்கை உருவினீங்க. ஜன்னல் வழியா பார்த்துட்டு உள்ள போய்த் தூங்கிட்டேன்."

மூன்று மாதமாக என்னைத் தினம் காலையில் நடக்கவிட்டுத் தூங்கியிருக்கிறான் படுபாவி. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பதில் துணியை எடுத்து ஸ்டிக்கைத் துடைத்து, உள்ளே விட்டு மறுபடி உருவினேன். ஆயில் சரியாக இருந்தது.

"இருக்கு, கிளம்பு" என்றேன். கிளம்பினான்.