சகலை கொடுத்த சேறு

என் வீட்டுக்காரர் அற்புதராஜ் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறியதில்லை. ஒரே ஒரு நோய்தான். சகலை பெயரைக் கேட்டால் முகம் சுண்டிப்போகும். என் தங்கை சோபியாவைக் கட்டிய ஜெரால்டும் இவர் பார்க்கிற அதே வேலையைத்தான் பார்க்கிறான். அவனுக்கு ஊரில் வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று இவர் இன்றுவரை கேட்கிறார்.

இவருக்குக் குமாரபாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. நூலுக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் சிவப்பும் நீலமுமாக, விஷமாக வெளியே வரும். அப்படியே விட்டால் காவிரி என்னாவது? அதைப் பெரிய தொட்டியில் தேக்கி, அடியிலிருந்து காற்றை ஊதி, உள்ளே பாக்டீரியா வளர்க்க வேண்டும். சாயத்தில் இருக்கும் நஞ்சை அவை தின்று செரித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான். கோடிக்கணக்கில் கூடும்போது பழுப்புச் சேறாகத் தெரியும், மழை பெய்த தோட்டத்து மண்போல வாசம் வரும். அந்தச் சேற்றை உயிரோடு வைத்திருப்பதுதான் இவர் பொறுப்பு. அதற்குப் பசித்தால் வெல்லக்கரைசல் ஊற்றுவார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்னை எழுப்பிவிட்டுத் தூங்குவார், தொட்டிக்கு ஒன்றென்றால் தூக்கமே வராது.

போன கிறிஸ்துமசுக்குச் சேலத்தில் என் அப்பா வீட்டில் கூடினோம். பிரியாணித் தட்டு கையில் இருக்கும்போதே அப்பா போனில் ஒரு படத்தை எடுத்து இவரிடம் நீட்டினார். எடப்பாடியில் ஜெரால்டு வேலை பார்க்கும் பட்டறையில், சேறு அடியில் தங்கித் தண்ணீர் தெளியும் கடைசித் தொட்டி. கண்ணாடி போலத் தண்ணீர், அதில் மீன்கள் நீந்துகின்றன.

"பாத்தீங்களா மாப்ள? சாயத் தண்ணியில மீனு உட்டிருக்கறான்! உங்க தொட்டியில என்னங்க உட்டிருக்கீங்க?"

இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். சோபியா வேறு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எனக்கே எரிந்தது என்றால் இவரைக் கேட்க வேண்டுமா? வீடு வந்து சேரும்வரை, "மீனு உட்டானாம், மீனு. கடையில வாங்கி உட்டுப் போட்டோ எடுத்திருப்பான்" என்றே புலம்பிக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் செய்தாரே ஒரு வேலை! தம் தொட்டித் தண்ணீரில் மிச்சமிருந்த லேசான மஞ்சளைப் போக்குவதற்காக, நூல் வெளுக்கிற பிளீச்சிங் தண்ணீரைக் கேன் கேனாகக் கடைசித் தொட்டியில் ஊற்றினார். தண்ணீர் பளிச்சென்று வெளுத்தது, படமும் எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தொட்டியின் அடியில் தங்கும் சேற்றைத்தான் மோட்டார் இழுத்து மறுபடி பெரிய தொட்டிக்கு அனுப்பும். பிளீச்சிங் பட்டால் பாக்டீரியா பிழைக்காது. இதெல்லாம் தெரியாதவரா இவர்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வயிற்றெரிச்சலில் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார்.

மறுநாள் தொட்டி முழுக்க வெள்ளை நுரை. சேறு சாம்பல் நிறமாகி நாறியது. உள்ளே போன சாயத் தண்ணீர் போன நிறத்திலேயே வெளியே வந்தது. பட்டறை முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"இந்த மாசக் கடைசியில தண்ணிய டெஸ்ட்டுக்கு எடுக்கப் பொல்யூஷன் ஆபீசருங்க வாராங்க. தேறலைன்னா கரண்ட்டப் புடுங்கிருவாங்க. அப்பறம் எனக்குப் பட்டறையும் இல்ல, உங்களுக்கு வேலையும் இல்ல, பாத்துக்கங்க."

இவர் சாணி கரைத்து ஊற்றினார். வெல்லத்தை மூட்டையாக வாங்கிக் கொட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. புதிதாக வளர்ப்பதென்றால் மாதக்கணக்கில் ஆகும். உடனடி வழி ஒன்றுதான். பாலுக்கு உறை மோர் வாங்குகிற மாதிரி, உயிருள்ள தொட்டியிலிருந்து சேறு வாங்கி ஊற்ற வேண்டும். அதுவும் இதே சாயத்தைத் தின்று பழகிய சேறாக இருக்க வேண்டும். அந்தச் சாயம் போடுகிற பட்டறை அக்கம்பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். எது என்று சொல்லவும் வேண்டுமா?

"செத்தாலும் அவன்கிட்டப் போவ மாட்டேன்" என்றார்.

"நீங்க சாவ வேண்டாம், தொட்டிதான் செத்துப்போச்சே. பெரியவனக் காலேஜ் சேக்கோணும். எந்திரிச்சு வண்டிய எடுங்க."

எடப்பாடி போய்ச் சேர்ந்தோம். ஜெரால்டு பட்டறை வாசலிலேயே நின்றிருந்தான். எங்களைத் தொட்டிமேல் ஏற்றிக் கூட்டிப்போனான். உள்ளே நல்ல பழுப்புச் சேறு கொழகொழவென்று புரண்டுகொண்டிருந்தது. இவர் எட்டிப் பார்த்தார். அவர் பார்த்த பார்வைக்கு அந்தத் தொட்டி அன்றே கெட்டிருக்க வேண்டும், மாதாதான் காப்பாற்றினார்.

"கொஞ்சம் சேறு வேணும் ஜெரால்டு." இதைச் சொல்லி முடிப்பதற்குள் இவருக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

"தெரியுமுங்ணா. உங்க தொட்டி செத்த அன்னிக்கே நூல் லாரி டிரைவர் சொல்லிட்டான். எப்ப வருவீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

"தெரிஞ்சும் ஒரு போன் பண்ணலையா நீ?"

"அதக் கேட்டதுல இருந்து நல்லாத் தூங்கிட்டு இருந்தனுங்ணா" என்றான், கொஞ்சமும் கூசாமல். "மாமா உங்ககிட்ட என்ர மீனக் காட்டுவாரு. என்கிட்ட என்ன காட்டுவாருன்னு தெரியுமா? நீங்க கட்டுன மாடி ஊட்ட. அற்புதராஜ் ஊடு, அற்புதராஜ் ஊடுன்னு கல்யாணமான நாள்ல இருந்து கேட்டுட்டு இருக்கறேன். நாங்க இன்னும் வாடகை ஊட்லதானுங்ணா இருக்கறோம்."

அவன் அப்படிப் போட்டு உடைத்த பிறகு இவராலும் மூடி வைக்க முடியவில்லை.

"நீ வந்து கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன்டா."

"அதுவும் தெரியுமுங்ணா." ஜெரால்டு சிரித்தான். "அதனாலதான் குடுக்கறேன். ஒரு டிரம் ரெண்டு டிரம் இல்ல, டேங்கர் நெறய எடுத்துட்டுப் போங்க. காலத்துக்கும் நெனச்சுட்டே இருப்பீங்கல்ல?"

அடேங்கப்பா! கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். நான் காலை ஒரு மிதி மிதித்தேன். டேங்கர் வந்தது, நிறைந்தது.

அந்தச் சேற்றை ஊற்றிய சில நாளிலேயே நுரை அடங்கி, மண்வாசம் திரும்பியது. ஆபீசர்கள் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள், தண்ணீர் தேறிவிட்டது. பட்டறை ஓடுகிறது. பெரியவனையும் காலேஜில் சேர்த்துவிட்டோம். அப்பா மட்டும் போன் போடும்போதெல்லாம், "ஜெரால்டு குடுத்த சேறாமே மாப்ள?" என்று கேட்கிறார். இவர் போனை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

நேற்று சோறு கொண்டுபோனபோது தொட்டிமேல் நின்றபடி தண்ணீரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, இன்னும் எதுக்குங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அவன் தொட்டியும் ஒரு நாளைக்குச் சாகாமலா போயிரும் நான்சி? இங்கதான வருவான், வரட்டும். நான் ரெண்டு டேங்கர் குடுக்கறேன் பாரு."