பச்சைத் துணியில் கிடந்த நிக்கல்

ஆர்லோ மைன்ட்ஸின் நீல அட்டையில் ஒரே ஒரு குழிதான் காலி. ஐந்து சென்ட் காசை அமெரிக்காவின் அயோவாவில் நிக்கல் என்பார்கள். ஆண்டுக்கும் அடித்த ஊருக்கும் ஒன்றாக, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பதித்து வைத்திருந்தார் அந்தப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். 1950-இல் டென்வரில் அடித்த காசு மட்டும் அகப்படவில்லை. அடித்ததே கொஞ்சம், அதையும் ஜனங்கள் பதுக்கிவிட்டார்கள். விலைக்கு வாங்க அவருக்கு மனம் வராது. சில்லறையில் தானாக வந்தால்தான் அது சேகரிப்பு என்பார்.

"சாப்பாட்டு ஜெபத்துல கண்ண மூடுறீங்க, கை மட்டும் பாக்கெட்ல சில்லறைய உருட்டுது. ஆண்டவருக்குக் காது கேக்காதா?" என்பாள் மனைவி வெல்மா.

1963 வசந்தத்தில் ஒரு ஞாயிறு. ஆலயத்தில் காணிக்கைத் தட்டைச் சுமப்பது ஆர்லோவின் ஊழியம். காசு சத்தம் போடாதிருக்கத் தட்டில் பச்சைத் துணி ஒட்டியிருக்கும். அதன்மேல் தலைப்பக்கம் தெரியக் கிடந்தது ஒரு நிக்கல். ஆண்டு 1950. டென்வரின் 'டி' எழுத்து பின்பக்கம் அல்லவா இருக்கும்! சபை எழுந்து பாடிக்கொண்டிருக்க, பீடத்துக்குப் போகிற வழியிலேயே கட்டைவிரலால் புரட்டிவிட்டார். பின்பக்கம் பொறித்திருந்த மாளிகைக்கு வலப்பக்கம் குட்டியாக 'டி'.

ஆராதனை முடிந்து காணிக்கை எண்ணும் அறைக்குப் போனார்.

"எல்டாம்மா, ஒரு நிக்கல மாத்திக்கிறேன்."

"எடுத்துக்கப்பா. ஆண்டவருக்கு எல்லா நிக்கலும் ஒண்ணுதான்" என்றார் பொருளாளர் எல்டா, தலை நிமிராமல்.

வீட்டில் அதைக் குழியில் அழுத்தினார். அட்டை நிறைந்தது, மனம் நிறையவில்லை. புதன்கிழமை பேருந்தை ஒரு நிறுத்தம் தாண்டி ஓட்டிவிட்டார். வியாழக்கிழமை நாணயக் கடைக்காரரிடம் சும்மா கேட்பதுபோல் விலை கேட்டார்.

"டென்வர் அம்பதா? கொண்டாங்க, இப்பவே பத்து டாலர் தரேன்."

திருப்பிக் கொடுத்துவிடுவது என்று சனிக்கிழமை காலையில் முடிவுசெய்து, பேனாக்கத்தியால் நெம்பினார். இறுக்கமான குழி. கத்தி வழுக்கி, காசின் தலைப்பக்கத்தில் இருந்த அதிபர் ஜெஃபர்சனின் கன்னத்தில் நீளமாக ஒரு கீறல். இனி இதற்கு யார் பத்து டாலர் கொடுப்பார்?

ஞாயிறன்று ஆராதனைக்கு முன்பே காசையும், பூட்ஸ் வாங்க ஒதுக்கியிருந்த பத்து டாலர் தாளையும் எல்டாவின் முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"விலை தெரிஞ்சே ஏம்ப்பா மறைச்ச?"

"பத்துனு வியாழக்கிழமைதான் தெரியும். ஆனா அஞ்சு சென்ட் இல்லன்னு அப்பவே தெரியும். சொன்னா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்" என்று சிரித்தார் எல்டா. தாளைப் பெட்டியில் போட்டுவிட்டு நிக்கலை அவர் பக்கம் தள்ளினார். "இந்தா, கீறல் விழுந்தது உன்னோடது. விலைக்கு வாங்க மாட்டேன்னு ஊரெல்லாம் பீத்திக்குவியே, வாங்கிட்ட பாத்தியா!"

ஆர்லோவுக்குக் காது சிவந்தது. காசை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்றும் தட்டு அவர் கைக்கு வந்தது. பச்சைத் துணியில் நாலைந்து நிக்கல்கள் கிடந்தன; ஒன்று தலைப்பக்கம் தெரிய. கண் அங்கேதான் போயிற்று. பீடம்வரை தட்டை இரண்டு கையாலும் ஏந்திப் போனார், கட்டைவிரல்கள் இரண்டையும் அடியில் மடக்கிக்கொண்டு.