பெயர் கேட்டு அடித்த பிரம்பு

நான் மலேசியாவில், மாசாய் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். போன வருஷத்திலிருந்து என் வலது கை திடீர் திடீரென வெட்டி இழுக்கும். கையில் இருப்பது பறக்கும். ஸ்கேன், ரத்தச் சோதனை எல்லாமே நார்மல் என்றுதான் வந்தது. ஒருநாள் கொதிக்கும் சாம்பார் என் வீட்டுக்காரர் மேல் கொட்டிவிட்டது. "இது நோய் இல்லலா, யாரோ ஏவி விட்டது" என்று சிம்பாங் ரெங்கம் ஊர்ப்பக்கம் சாமி பார்த்துப் பேயோட்டும் ஒருவரிடம் என்னை இழுத்துப் போனார்.

அந்த ஆள் என் தலைமுடியைப் பிடித்து உட்காரவைத்து, ரோத்தான் பிரம்பால் முதுகில் விளாசினான். "நீ யாரு? பேரச் சொல்லு!"

"கமலா!" என்று என் பெயரையே சொல்லி அலறினேன்.

"பொய் சொல்லுது!"

அடி இன்னும் பலமாக விழுந்தது. சட்டை கிழிந்து ரத்தம் வழிந்தது. கட்டிய புருஷனே என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். தாங்க முடியாமல், செத்துப்போன பக்கத்து வீட்டு அக்காவின் பெயரைச் சொன்னேன். உடனே அடி நின்றது. பேய் இறங்கிவிட்டதென்று கற்பூரம் ஏற்றினார்கள்.

காரில் திரும்பும்போது கை மறுபடியும் இழுத்தது. "இன்னும் போகல" என்று அவன் காரைத் திருப்பினான். சிக்னலில் கதவைத் திறந்து குதித்து, ஒரு கடைக்குள் ஓடி, தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

இப்போது தங்கச்சி வீட்டில் இருக்கிறேன். கை இன்னும் இழுக்கிறது. மருத்துவமனைக்குத் தனியாகவே போய்வருகிறேன். "என்னன்னு இன்னும் தெரியலம்மா, அடுத்த மாசம் வாங்க" என்கிறார் டாக்டர். முன்பெல்லாம் அதைக் கேட்டால் எரிச்சல் வரும். இப்போது சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறேன். அவர் கையில் பிரம்பு இல்லையே.