கடைமடைக்கு வந்த தண்ணீர்

எங்கள் அறக்கட்டளைக்கு ஒரே ஒரு குறிக்கோள்தான். தஞ்சாவூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருக்கும் அலுவலகத்தின் சுவரில் அது பெரிய எழுத்தில் இருக்கிறது: கடைமடை வயலுக்கும் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற, பல வருடங்களில் போய்ச் சேராமலே இருந்துவிடுகிற வயல்கள்தான் கடைமடை. என் அக்காவின் வயலும் அப்படித்தான். நாகப்பட்டினம் பக்கம், கடல் காற்று அடிக்கும் இடம். அறக்கட்டளையை ஆரம்பித்தவர்களில் அத்தானும் ஒருவர். தண்ணீர் கேட்டு நடுரோட்டில் உட்கார்ந்து போலீஸ் வண்டியில் ஏறியவர். அவர் இறந்த பிறகு அக்கா தனியாகத்தான் விவசாயம் பார்த்தாள்.

ஆனால் நாங்கள் செய்துகொண்டிருந்தது என்ன? தையல் பயிற்சி, காளான் வளர்ப்பு, பள்ளிக்கூடங்களில் மரக்கன்று. யார் எதற்குப் பணம் தருகிறார்களோ அதுதான் எங்கள் திட்டம். எதுவும் கெட்ட காரியம் இல்லை. வம்பே அதுதான். கெட்டதாக இருந்திருந்தால் யாராவது நிறுத்தியிருப்பார்கள்.

ஒரு வருடம் பணம் தருகிறவர்கள், ஒவ்வொரு திட்டமும் குறிக்கோளுக்கு எப்படி உதவுகிறது என்று விளக்கச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாதித் திட்டங்களை மூட்டை கட்டிவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் செயலாளர் என்னைவிடக் கெட்டிக்காரர். ஒரு திட்டத்தையும் விடவில்லை, விளக்கத்தைத்தான் மாற்றினார். மரம் மழையைக் கொண்டுவரும், மழை கடைமடையிலும் பெய்யும். தையல் கற்ற பெண்ணுக்குக் கையில் காசு இருக்கும், தண்ணீருக்காகப் போராடத் தெம்பு வரும். காளானுக்கும் ஒன்று எழுதினார், அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. எல்லாம் குறிக்கோளோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பணமும் வந்தது.

அதில் ஒரு பங்கை வாய்க்கால் தூர்வார ஒதுக்கினார்கள். அப்பாடா, ஒரு உருப்படியான வேலை! அதுவும் அக்காவின் வயலுக்குப் போகிற வாய்க்கால். மேல்பக்கத்தில் எப்படியும் தண்ணீர் ஓடும். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டி அடைத்துக் கிடப்பது கீழ்ப்பக்கம்தான். கடைமடைக்காக என்றால் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும், இது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். செயலாளருக்கும் தெரியும். ஆனால் பொக்லைன் மேல்பக்கத்தில்தான் இறங்கியது. அங்கேதான் மெயின் ரோடு, தொடக்க விழாவுக்குப் பந்தல் போட இடம், விருந்தாளிகளின் கார்கள் நிற்க நிழல். எல்லார் முன்னாலும் நான் சண்டை போட்டேன்.

"மொதல்ல இங்க ஆரம்பிப்போம்ங்க. கீழ்ப்பக்கத்தை ரெண்டாங்கட்டத்துல பாத்துக்கலாம்" என்றார் செயலாளர்.

வேலை பாதியில் இருக்கும்போதே மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் பொக்லைன் கரையேறிப் போய்விட்டது. இந்த வருடம் விதைக்காதே என்று அக்காவிடம் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை.

"ஒங்க அத்தான் ஆரம்பிச்ச எடம்டி. நம்மள அப்படி விட்டுடுவாங்களா?"

ஒரு மழையில் முளைத்த நெல் அடுத்து வந்த வெயிலில் கருகியது. ஆற்றுத் தண்ணீர் அடைப்பு வரை வந்து நின்று, வடிகாலில் சரிந்து கடலுக்குப் போனது. அந்த வருடத்தோடு அக்காவுக்கு மனசு விட்டுப்போயிற்று. பக்கத்து இறால் பண்ணைக்காரர்களுக்கே வயலை எழுதிக்கொடுத்தாள். உப்புத்தண்ணீர் ஏற்றிய மண்ணில் மறுபடியும் நெல் வராது என்று அவளுக்குத் தெரியாதா? பத்திர ஆபீசில் அவள் கைநாட்டு வைக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

செயலாளர் சொன்ன சொல் தவறவில்லை. மறு வருடம் இரண்டாம் கட்டமும் நடந்தது, கடைசி மதகு வரை தண்ணீர் போனது. அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அக்காவே போன் செய்தாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். சாதாரணமாகத்தான் பேசினாள்.

"நம்ம மதகு வரைக்கும் தண்ணி வந்துருக்குடி, போய்ப் பாத்துட்டு வந்தேன். பண்ணக்காரங்க பலக போட்டு அடைச்சு வச்சிருக்காங்க. நல்ல தண்ணி உள்ள வந்தா எறா செத்துடுமாம்."