வெறும் கண்ணாடியில் நீலம்

வீட்டைப் பூட்டிப் பாதி வழி வந்த பிறகு, "அடுப்பை அணைச்சேனா, கொஞ்சம் பாருங்களேன்" என்று கணவனுக்குப் போன் போடுகிறவள் அவள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'அணைச்சாச்சா அக்கா' என்றே பேர். கேலி செய்கிறவர்கள்தான் லேசரை அவள் பொறுப்பில் விட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்புவார்கள்.

அவள் வேலை ஒரு கண்ணாடிச் சில்லோடு. அதன் நடுவில் முடியைவிடப் பல மடங்கு மெலிந்த தங்க வளையங்கள், வரிசை வரிசையாக. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அவற்றின்மேல் பாய்ச்சினால், இரண்டு ஒளித்துகளை ஒன்றாக்கி ஒரு நீல ஒளித்துகளாகத் தங்கம் உமிழ வேண்டும். மாதக்கணக்கில் கேமராத் திரையில் ஒன்றையும் காணோம். ஒருநாள் லென்சுகளையெல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினாள். நீலம் பொங்கிவிட்டது!

"கைராசிக்காரிம்மா நீ!" என்றார் பேராசிரியர். அகச்சிவப்பை இரு மடங்காக்கினால் நீலம் நான்கு மடங்காக வேண்டும், அதுவும் ஆனது. அந்த அளவுகளின் படத்தோடு மாநாட்டுக்குப் போயிருக்கிறார். நாளைக் காலையில் பேச்சு. அது எடுபட்டால் அவளுக்கு வேலை நீளும், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

மாலையில் லேசரை அணைக்கப் போனவளுக்கு வழக்கமான சந்தேக அரிப்பு. சும்மாதான், சில்லை ஓரமாக நகர்த்தி, தங்கமே இல்லாத வெறும் கண்ணாடியில் ஒளியை விட்டாள்.

திரையில் நீலம் அப்படியே நின்றது.

இழுப்பறையைத் திறந்தாள். அன்று லென்சுகளோடு துடைக்கக் கழற்றிய வடிகட்டிக் கண்ணாடி, காகிதம் சுற்றியபடி அங்கேயே கிடந்தது. லென்சிலேயே பிறந்து, அதே கணக்கில் நான்கு மடங்காகும் கள்ள நீலத்தைத் தடுப்பது அது ஒன்றுதான். அடுப்பைச் சந்தேகப்பட்டவள், பூட்டைச் சந்தேகப்பட்டவள், புகழ்ச்சியை மட்டும் சந்தேகப்படாமல் விட்டுவிட்டாள். அதை மாட்டி, சில்லைத் தங்கத்துக்கு நகர்த்தினாள். கடவுளே, கொஞ்சமாவது இரு. திரை கறுப்பாகவே இருந்தது.

பேராசிரியருக்குப் போன் போட்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியும் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "படத்தை எடுத்துடறேன். ஆனா, உன் வேலைக்கு நான் எதைக் காட்டிக் கேக்கறதும்மா?"

லேசரை அணைத்தாள், ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள், வீட்டுக்குப் போன் போட்டாள்.

"கிளம்பிட்டேன்" என்றாள்.

"சரி." கணவன் காத்திருந்தான். "என்ன, அடுப்பைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே? உடம்புக்கு ஏதாவதா?"

அவ்வளவுதான், நின்ற இடத்திலேயே விம்மி அழுதாள்.