ஏழு இடங்களும் ஒரு பச்சைக் கதவும்

அந்தத் தீவுக்கு வருகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடங்கள் ஏழு என்று முதன்முதலில் யார் கணக்குப் போட்டார்களோ தெரியாது. படகுத்துறையில் வரிசை கட்டி நிற்கும் வேன்கள் எல்லாவற்றின் நெற்றியிலும் ‘ஒரே நாளில் ஏழு இடங்கள்’ என்று எழுதியிருக்கும். குன்றின் உச்சியில் காட்சி மேடை, அருவி, கலங்கரை விளக்கம், அலை புகுந்து முழங்கும் குகை, இடிந்த கோட்டை, கருமணல் கடற்கரை, கடைசியில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்ப்பதற்கென்றே இருக்கும் முனை. தீவைச் சுற்றி ஒரே சாலைதான். துறையில் புறப்பட்டுத் துறையிலேயே வந்து முடியும்.

அந்தச் சாலையில் முப்பது வருடமாக வேன் ஓட்டுகிறவரைச் சக ஓட்டுநர்கள் ‘கடிகாரம்’ என்று அழைத்தார்கள். அவர் வேன் எந்த மரத்தைத் தாண்டுகிறது என்று பார்த்து நேரம் சொல்லிவிடலாம் என்பது அவர்கள் கட்சி. ஒவ்வோரிடத்திலும் பயணிகளை இறக்கிவிடுவார், வண்டியை நிழல் பார்த்து நிறுத்துவார், கண்ணாடியைத் துடைப்பார், நேரமானதும் இரண்டு தரம் ஹார்ன் அடிப்பார். இறங்கிப் போய்ப் பார்ப்பது என்பது அவர் வேலையில் இல்லை. ஏழு இடங்களையும் அவர் அறிந்தது திரும்பி வருகிறவர்களை வைத்துத்தான். அருவி என்றால் அவருக்கு ஈரமான இருக்கை. கலங்கரை விளக்கம் என்றால் படியேறி இறங்கியவர்களின் மூச்சிரைப்பு. குகைக்குப் போய்வந்தவர்கள் காது அடைத்துப் போனதால் கொஞ்ச நேரம் கத்திக் கத்திப் பேசுவார்கள். கருமணல் கடற்கரை மாலையில் அவர் வேனுக்குள் கூட்டித் தள்ளும் ஒரு கைப்பிடி மண்.

மனைவி இறந்தபோது மகளுக்கு ஐந்து வயது. பொழுது விடிந்து பொழுது சாயும்வரை சாலையில் கிடக்கும் மனிதரால் ஒரு குழந்தையைத் தனியாக வளர்க்க முடியாது என்று மனைவியின் அக்காள் வந்து அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனுஷி, நன்றாகவே வளர்த்தார். படகு ஓடாத மழை மாதங்கள்தாம் இவருக்கு ஓய்வு. படகு ஓடினால்தான் மகளைப் பார்க்க முடியும். அதனால் போவதும் வருவதும் அரிதாகி, ஒரு கட்டத்தில் பலகாரப் பொட்டலத்தோடு வந்து கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போகும் மனிதராக ஆனார். பெரியம்மாளை ‘நீ’ என்று அழைக்கும் மகள் இவரை ‘நீங்க’ என்றாள். போன வருடம் நடந்த அவள் கல்யாணத்தில்கூட, பெண்ணைப் பெற்றவர் எங்கே என்று தேடித்தான் கூட்டிவர வேண்டியிருந்தது.

அந்த மகள்தான் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்பா, நாங்க ரெண்டு பேரும் தீவுக்கு வரோம். எல்லாரும் பாக்கணும் பாக்கணும்னு சொல்றாங்க. உங்க வேன்லயே போயிடலாமா?”

“என் வேன்ல இல்லாம வேற யார் வேன்லம்மா போவே?”

அடுத்த வாக்கியத்தை அவர் நாவில் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் முந்திக்கொண்டாள். “காலைப் படகுல வந்து சாயங்காலப் படகுல திரும்பிடுவோம்ப்பா. இந்தக் கரையில துறைகிட்டவே ஓட்டல்ல ரூம் போட்டாச்சு.”

“சரிம்மா” என்றார். சரியே இல்லை. ஒரே ஓர் இரவு அவள் தன் வீட்டில் தங்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தொலைபேசியில் கேட்டுப் பெறுவதைவிடக் நேரில் காட்டிவிடுவது மேல் என்று முடிவு செய்தார். தட்டுமுட்டுச் சாமான் அடைந்துகிடந்த மாடி அறையை ஒழித்து வெள்ளையடித்தார். திரைச்சீலை மாட்டினார். புது மெத்தை ஒன்று வாங்கினார். அதைப் படியேற்றக் கை கொடுத்தவர் ‘சோடா’ என்கிற சக ஓட்டுநர். மூக்குக்கண்ணாடியின் தடிமனால் வந்த பெயர்.

“மெத்தை மாப்பிள்ளைக்கா, உமக்கா?”

“எனக்கு எதுக்குய்யா? என் கட்டில் கீழே இருக்கே.”

“அவங்கதான் சாயங்காலமே போறாங்களாமே?”

“போகாம பண்ணணும். முனையைப் பாத்துட்டுத் திரும்பும்போது வழியிலதானே வீடு. நிறுத்துவேன். ஒரு டீ குடிப்பாங்க. மாடியைப் பார்த்தா அவங்களுக்கே தோணாதா? காலையிலதான் முதல் படகு இருக்கே.”

“கடிகாரம் திட்டமெல்லாம் போடுதே!” என்றார் சோடா, மெத்தையின் மறுமுனையில் மூச்சு வாங்கிக்கொண்டு.

அவர்கள் வந்த காலையில் கடல் தட்டையாகக் கிடந்தது. மகள் முன்னிருக்கையில் தன் பக்கத்தில் உட்காருவாள் என்று நினைத்து, இருக்கைக்குப் புது உறை போட்டு வைத்திருந்தார். அவள் கணவனோடு பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அதிலும் தப்பில்லை. அன்று முழுவதும் அவர் மகளைப் பார்த்தது தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில்தான்.

புறப்படும்போது சோடா சன்னலுக்குள் தலையை நீட்டினார். “மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லி வைக்கிறேன். ரெண்டு ஹார்ன் கேட்டா விழுந்தடிச்சு ஓடி வந்துடுங்க. பெத்த பொண்ணையே விட்டுட்டுப் போற ஆளு இவரு!”

மருமகன் சிரித்தான். மகளும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் அது நின்றுவிட்டது. சோடா நாக்கைக் கடித்துக்கொண்டு தலையை வெளியே இழுத்தார். கடிகாரம் சாவியைத் திருப்பினார்.

காட்சி மேடையில் இறங்கியதும் அவள் திரும்பிப் பார்த்தாள். “நீங்க வரலையாப்பா?”

“வண்டியைப் பாத்துக்கணும்மா. போயிட்டு வாங்க.”

வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓட அந்தத் தீவில் ஆளும் இல்லை, ஓட இடமும் இல்லை. ஆனாலும் வாய் அதைத்தான் சொல்லிற்று. அருவியிலும் கேட்டாள். கலங்கரை விளக்கத்தில் கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. குகையில் கேட்கவில்லை. ஈரத்தலையும் மூச்சிரைப்புமாக அவர்கள் திரும்பித் திரும்பி வந்தார்கள். மற்ற எல்லோரையும் போலவே வந்தார்கள். கோட்டையில் அவர் தன்னை அறியாமல் இரண்டு தரம் ஹார்ன் அடித்துவிட்டார். மகள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கற்களின்மேல் ஓடிவருவதைக் கண்டதும் அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“மெதுவா வாம்மா, அவசரமே இல்லை.”

“நீங்கதானேப்பா ஹார்ன் அடிச்சீங்க?”

முனைக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. அவள் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இதுக்காவது வாங்கப்பா. வண்டியை ஒருத்தரும் கொத்திட்டுப் போக மாட்டாங்க.”

போனார். சாவிக்கொத்தைக் கையில் இறுகப் பிடித்தபடி கம்பிவேலி ஓரமாக அவள் பக்கத்தில் நின்றார். மருமகன் தள்ளிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

“உங்களுக்கு இதெல்லாம் பாத்துப் பாத்து அலுத்துப் போயிருக்கும்.”

“நான் பாத்ததே இல்லைம்மா.”

“சும்மா சொல்லாதீங்க.”

“நிஜமா. சூரியன் எனக்கு எப்பவும் முதுகுப் பக்கம்தான். எதிர்ல இருக்கிற கல்லெல்லாம் சிவந்துச்சுன்னா நேரமாச்சுன்னு ஹார்ன் அடிப்பேன்.”

அவள் சூரியனை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள் போலிருந்தது. அதற்குள் மருமகன், “மாமா, இப்படித் திரும்புங்க!” என்று கூப்பிட்டுவிட்டான். படம் எடுத்து முடிந்தபோது சூரியன் போயிருந்தது.

வேன் திரும்பியது. அவர் மனம் நிறைந்திருந்தது. இப்போது கேட்டால் மறுக்க மாட்டாள். எப்படித் தொடங்குவது? ‘வந்தது வந்தீங்க’ என்று தொடங்கினால் குத்தலாகப் படும். ‘ரூம் ஒண்ணு சும்மா கிடக்கு’ என்றால் போகிற போக்கில் சொன்னது போலிருக்கும். ‘உங்கம்மா இருந்த வீடு’ என்று தொடங்கினால் வாக்கியத்தை முடிக்க முடியாது. கடைசியில் வேறொன்று கிடைத்தது: ‘ராத்திரி தங்கிட்டுப் போம்மா, எனக்காக.’ மற்றவற்றையெல்லாம் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடி முன் சொல்லிப் பார்த்திருந்தார்; இதைச் சொல்லிப் பார்க்கவில்லையே என்று தோன்றியது. இப்போது மனத்துக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார், ‘எனக்காக’ வேண்டாம் என்று எடுத்தார், மறுபடி சேர்த்தார். வாக்கியம் ஒருவாறு திரண்டு வந்தபோது வேன் நின்றது. அவர் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தார்.

“எதையும் விட்டுட்டுப் போகலையே? சீட்டுக்கு அடியில ஒரு தரம் பாத்துக்குங்க.”

ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பயணியிடமும் சொல்வதுதான். சொல்லி முடித்த பிறகே எதிரில் படகுத்துறை விளக்குகள் எரிவதைக் கண்டார். திருப்பம், பச்சை இரும்புக் கதவு, மதிலுக்கு மேல் சாய்ந்த கொய்யா மரம் எல்லாம் பின்னால், எப்போதோ, வழக்கம்போல் கடந்து போயிருந்தன.

மகள், அவர் சொன்ன சொல்லைத் தட்டாமல், குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தாள். “ஒண்ணும் இல்லப்பா.”

படகில் மணி அடித்தார்கள்.

“வீடு...” என்றார்.

“என்னப்பா?”

சொந்த வீட்டைத் தாண்டி வந்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? “ஒண்ணுமில்லை. போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணும்மா.”

மருமகன் கையைப் பற்றி, “ரொம்ப நல்லா இருந்துச்சு மாமா, கண்டிப்பா திரும்ப வருவோம்” என்றான். இதையும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பயணியும் சொல்வதுண்டு. இன்றுவரை ஒருவரும் வந்ததில்லை.

அன்று வேனைக் கூட்டும்போது வந்த கருமணலை அவர் வெளியே கொட்டவில்லை. ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தார். எதற்கென்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வீட்டுக்குப் போய் மாடி விளக்கைப் போட்டுப் பார்த்தார். மெத்தை பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் பளபளவென்று கிடந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிவந்து, அடுப்புத் திண்டில் எடுத்து வைத்திருந்த மூன்று தம்ளர்களில் இரண்டைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

மறுநாள் அருவிக்கரை நிழலில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது.

“அப்பா, ஒண்ணு கேக்கலாமா? அந்தத் திருப்பத்துல பச்சை கேட் போட்ட வீடு... அதானே நம்ம வீடு?”

துடைக்கும் கை நின்றது. “உனக்கு ஞாபகம் இருக்கா?”

“கொய்யா மரம் ஞாபகம் இருந்துச்சு. வண்டி மெதுவாகும், மெதுவாகும்னு பாத்தேன். ஆகலை. சரி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக அப்பாவுக்கு இஷ்டம் இல்லை போலன்னு வாயை மூடிக்கிட்டேன்.”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா. மறந்துட்டேன்.”

“சொந்த வீட்டையா?”

“நான் மறக்கலை. கால் மறந்துடுச்சு. ஆளுங்களை வச்சுக்கிட்டு அந்த இடத்துல பிரேக் போட்டுப் பழக்கமே இல்லைம்மா. துறையில எல்லாரையும் இறக்கிவிட்டுட்டு, அப்புறம் தனியாத்தானே வீட்டுக்கு வருவேன்.”

மறுமுனையில் வந்த ஓசை சிரிப்பா, வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை.

“மாடி ரூம்ல வெள்ளையடிச்சு வச்சிருந்தேன்” என்றார். “மெத்தைகூட...”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா.”

“சொல்லத்தான் இருந்தேன். அடுத்து எப்ப வருவே?”

“அவருக்கு லீவு கிடைக்கணும். பாக்கலாம்ப்பா.”

“பாக்கலாம்மா” என்றார். பயணிகள் அருவியிலிருந்து நனைந்து வந்துகொண்டிருந்தார்கள். அன்று அவர் ஹார்ன் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

மாலையில் முனையிலிருந்து திரும்பும்போது அவர் வேறெதையும் நினைக்கவில்லை. சாலையை மட்டும் பார்த்தார். திருப்பம் வந்தது. வலது கால் தன்பாட்டுக்குப் போகப் பார்த்தது. முரட்டு மாட்டை இழுத்து நிறுத்துவதுபோல அதை இழுத்துப் பிடித்து மிதித்தார். வேன் ஒரு குலுக்கலோடு பச்சைக் கதவுக்கு நேரே நின்றது.

முன்னிருக்கையில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். “இங்க என்னங்க இருக்கு? ஏழும் முடிஞ்சுதே?”

“பாக்க ஒண்ணும் இல்லைங்க.”

“இறங்கணுமா?”

“வேண்டாம். ரெண்டு நிமிஷம்.”

பின்னால் வந்த சோடாவின் வேன் ஒதுங்கித் தாண்டியது. “என்னய்யா, கடிகாரம் நின்னு போச்சா?” என்று சத்தம் கேட்டது. பின்னிருக்கைப் பெண் ஒருத்தி, நிறுத்தியதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று எண்ணியவள்போல, கொய்யா மரத்தைப் படம் எடுத்துக்கொண்டாள்.

“எதுக்குத்தான் நிறுத்தினீங்க, சொல்லுங்களேன்” என்றார் முன்னிருக்கைக்காரர்.

“காலுக்குப் பழக்கம் வரணுங்க” என்றார் அவர், மாடி சன்னலைப் பார்த்தபடி. காலையில் அதைத் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். புதுத் திரைச்சீலை காற்றில் வெளியே வந்து, உள்ளே போயிற்று. மறுநாளும் நிறுத்தினார்.